இனி யார் சார் கார்ல வருவா?

நேத்து சென்னையில பில்டர்கள் கூட்டம் ஒண்ணுக்குப் போயிருந்தேன். வழக்கமான கோரிக்கைதான்: வணிகக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ (மனை அளவைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம்ங்கற கணக்கு) ஏத்தணும், கட்டாயமா விட வேண்டிய பார்க்கிங் இடத்தைக் குறைக்கணும். 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள்லயே சாதாரணக் கட்டடத்துக்கு 1.5 இருந்தது 2 ஆச்சு, உயர்மாடிக்கு 3.25. ரோடு அகலமா இருந்தா பணம் கட்டி அதுக்கு மேலயும் வாங்கலாம்.

"மெட்ரோ வாசலுக்கே வந்தாச்சு, இனி யார் சார் கார்ல வருவா?"ன்னு ஒருத்தர் பேசினார். நியாயமான வாதம்தான், நானும் கை தட்டினேன்.

வெளிய வந்து பார்த்தா, அவர் வண்டி பிளாட்பாரத்துல ரெண்டு சக்கரத்தை ஏத்திக்கிட்டு நிக்குது. கீழ்த்தளப் பார்க்கிங்ல விட இடமில்ல. அங்க கேட்டரிங்காரர் அண்டா அடுக்கி வெச்சிருந்தார்.