வாவிக்கரையில் ஒரு மீன்கொத்திக்காக மூன்று காலைகள்

போன ஓகஸ்ட்டில் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவின் கரையில் நின்று ஒரே காலையில் 200க்கும் மேற்பட்ட பறவைப் படங்கள் எடுத்தேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "காட்டுங்க பாப்பம்" என்றார். அதில் நல்லது என்று நான் நினைத்த மீன்கொத்திப் படத்தைக் கமராத் திரையில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குருவி எங்க மனே?" என்று கேட்டார்.

அவர் உண்மையாகவே தேடினார். படத்தில் முக்கால்வாசி வாவித் தண்ணீர், மேலே வெளிறிப்போன வானம், நடுவில் நீலமாக ஒரு புள்ளி. அந்தக் கேள்வி கொழும்பு வரைக்கும் என்னோடு வந்தது.

இந்தப் பெப்ரவரியில் அதற்காகவே திரும்பப் போனேன். இரவு பாடுமீன் ரயில், விடியுமுன் மட்டக்களப்பு, அங்கிருந்து ஓட்டோவில் கல்லடி மாமி வீடு. பையை வைத்துவிட்டு மாமாவின் சைக்கிளை எடுத்தேன். "பிட்டு அவிச்சிட்டன், சாப்பிட்டுப் போங்க மகன்" என்றா மாமி. வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மிதித்தேன். காலை ஆறரை முதல் எட்டரை வரைக்குமான வெளிச்சத்தை விட்டால் பிறகு பின்னேரம்தான். ஓகஸ்ட்டில் நான் செய்த முதல் பிழை அதுதான். ஆறுதலாகச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் பூங்காவுக்குப் போனேன். அப்போது கச்சான் காற்று அடிக்கும் காலம். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேலே காற்றே நெளியும். தூரத்துப் பறவையை எந்த லென்ஸால் எடுத்தாலும் அந்த நெளிவு படத்தில் விழும், இறகின் விளிம்பு கரைந்துவிடும். ஃபோகஸ் பிழைத்துவிட்டது என்று வீட்டில் இருந்து மண்டையை உடைத்திருக்கிறேன். ஃபோகஸில் பிழையில்லை, நேரம்தான் பிழை.

என்னிடம் இருப்பது பழைய கெனன் கமராவும் 70-300 மி.மீ. லென்ஸும். இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை நெருங்கித் தெரியும். அந்தக் கமராவில் படத்தைப் பதியும் சென்சர் சிறியது என்பதால் 300 என்பது 480 போல நெருக்கிக் காட்டும். பறவைக்கு இது போதாது, 600 வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் நம்பினேன். இந்த மூன்று நாளுக்குப் பிறகு நம்பவில்லை. பூங்காப் பறவைகள் மனிதரைப் பார்த்துப் பழகியவை. காலையில் நடக்க வருகிறவர்கள், வலை போடுகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் அவை அறியும். நாம் துரத்தாமல் இருந்தால் 300க்குள் வந்து நிற்கும்.

முதல் நாள் அதை விளங்கிக்கொள்ளவே போய்விட்டது. காலையில் கல்லடிப் பக்கம் பார்த்துக் கமராவைப் பிடித்தால் சூரியன் நேரே கண்ணுக்குள். சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகத்தை நிழலுருவாக எடுக்க அது நல்லது. நீர்க்காகத்தின் இறகில் தண்ணீர் ஊறும், அதனால்தான் மூழ்கி எழுந்ததும் அப்படி விரித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் நிறம் வேண்டுமென்றால் வெயில் நம் முதுகில் பட வேண்டும். கரையோரமாக இடம் மாறி மாறி அப்படி ஒரு மூலையைப் பிடித்தேன். மீன்கொத்தி வந்தது. நான் நாலு அடி வைத்தேன், அது பறந்தது. இன்னொரு இடத்தில் உட்கார்ந்தது, அங்கேயும் போனேன், மறுபடி பறந்தது. எட்டு மணிக்குள் களைத்துவிட்டேன்.

அதே ஐயா அன்றும் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் நட்டிருந்த ஒரு கம்பைக் கையால் காட்டினார். "எச்சம் கிடக்கிற கம்பைப் பாருங்க. அங்கதான் வரும். நீங்க போகாதீங்க, அது வரட்டும்."

கம்பின் தலையில் வெள்ளையாக வழிந்து காய்ந்திருந்தது. பக்கத்துக் கம்பில் ஒன்றுமில்லை. ஆறு மாதமாக நான் படித்த எல்லாக் குறிப்புகளையும்விட அந்த ஒரு வரி எனக்கு உதவியது. நீல முதுகும் கபிலத் தலையும் வெள்ளை மார்புமாக நாம் தந்திக் கம்பியில் வழக்கமாகக் காணும் மீன்கொத்திக்கு என்று சில இருப்பிடங்கள் உண்டு. இரை பிடித்ததும் பெரும்பாலும் அங்கேயே திரும்பி வந்து, இரையைக் கம்பில் அடித்து, பிறகு விழுங்கும். அப்படியென்றால் பறவையைத் துரத்தத் தேவையில்லை. கம்பைப் படத்தில் சரியாக வைத்துவிட்டால் பறவை வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாம் நாள் பறவை வருமுன்பே போய்க் கரையோரத்தில் தரையோடு உட்கார்ந்தேன். நின்று எடுத்தால் பறவையின் பின்னால் தண்ணீர்தான் வரும், அதன் உச்சந்தலையைத்தான் பார்ப்போம். கமரா அதன் கண் மட்டத்துக்கு இறங்கியதும், பின்னணி தூரத்துக் கரை மரங்களின் இருண்ட பச்சையாக மாறியது. ஒரு பக்கம் வெள்ளைச் சுவர் ஒன்று தெரிந்தது. இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்ததும் அது போய்விட்டது. முக்காலி இல்லை. மாமாவின் பழைய சாரத்தைச் சுருட்டி முழங்காலில் வைத்து, அதன் மேல் லென்ஸைச் சாய்த்தேன். லென்ஸின் துளையை 5.6ல் முழுதாகத் திறந்து, ஷட்டரை ஒரு செக்கனில் 1/1000 பங்கில் வைத்து, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவைக் கமராவிடமே விட்டேன். விடிந்த கொஞ்ச நேரத்தில் அது 1600 வரை ஏறியது, படத்தில் மணல் தூவியது போல் கொஞ்சம் தெரியும். தெரியட்டும். மணல் தெரிந்தாலும் கண் கூர்மையாக இருக்கும் படம் படம்தான். அசைந்து மங்கிய படத்தை மென்பொருளால் மீட்பது கஷ்டம். ஓகஸ்ட் படங்களில் ஷட்டர் 1/160 என்று இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியே தலையை வெடுக்கென்று ஆட்டிக்கொண்டிருக்கும், அதற்கு 1/160 போதாது.

அன்று மீன்கொத்தி இரண்டு தடவைதான் வந்தது, இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு. ஆனால் அங்கே அசையாமல் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சின்னக் கொக்கு எனக்கு முன்னால் பத்து அடிக்குள் வந்தது. கறுத்த கால், மஞ்சள் பாதம். ஒரு காலைச் சேற்றுக்குள் விட்டு நடுநடுங்க ஆட்டுகிறது, கலங்கி ஓடும் குஞ்சு மீனைக் கொத்துகிறது. இவ்வளவு காலமும் கொக்கு என்றால் சும்மா நிற்கும் பறவை என்றுதான் நினைத்திருந்தேன். எடுத்த முதல் பத்துப் படத்திலும் அது வெறும் வெள்ளைக் கடதாசி போல இருந்தது, ஒரு இறகுகூடத் தெரியவில்லை. கமரா காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட தண்ணீருக்கு நடுவே ஒரு சின்ன வெள்ளை என்றால், தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெள்ளை எரிந்துபோகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தை மைனஸ் ஒன்றுக்குத் திருப்பினேன். அப்புறம்தான் கழுத்தின் மெல்லிய தூவிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிரகாசமான வானத்துக்கு எதிரே நிற்கும் நீர்க்காகத்தின் இறகு தெரிய வேண்டுமென்றால் இதற்கு நேர்மாறு, பிளஸ் பக்கம் போக வேண்டும். குளக்கொக்கு இரண்டுக்கும் நடுவில் சோதிக்கும். இருக்கும்போது சேற்றுக் கபிலம். எழும்பிச் சிறகை விரித்த கணத்தில் முழு வெள்ளை. அதற்கு நான் முதலே கொஞ்சம் குறைத்து வைத்துவிடுகிறேன். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்தால் இருண்டதைப் பிறகு தூக்கலாம், எரிந்ததை ஒன்றும் செய்ய முடியாது.

அன்று பின்னேரம் பாலமீன்மடுவில் வெளிச்சவீட்டுப் பக்கம் தோணியில் கண்டல் பற்றைகளுக்குள் ஒரு சுற்றுப் போனேன். அழகு கொள்ளை அழகு, செம்பருந்து தலைக்கு மேலேயே வட்டமிட்டது. ஆடும் தோணியில் 1/2000ஐவிட மெதுவான ஷட்டரில் எதுவும் தேறவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பூங்காவில் ஒரு செடியில் தேன்சிட்டுக் கூடு தொங்கிக்கொண்டிருந்தது. நடக்க வந்த ஒரு தம்பி, "முன்னால இருக்கிற இலைய முறிச்சுவிட்டா நல்லாத் தெரியும் அண்ணா" என்றான், உதவிதான் நினைத்தான். அந்த இலைதான் கூட்டைக் காகத்திடமிருந்து மறைக்கிறது. முறித்தால் எனக்கு ஒரு படம் கிடைக்கும், அதற்குக் குஞ்சு போகும். அவனிடம் அதைச் சொன்னேன், இருவரும் தள்ளி வந்துவிட்டோம். கூட்டுப் படம் நான் எடுப்பதில்லை. குரலை ஃபோனில் போட்டுப் பறவையைக் கூப்பிடுவதும் இல்லை. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது பதறிப் பறப்பதைப் படமெடுத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் நாள் வாடைக்காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. எனக்கு அது வாய்ப்பாகப் போனது. பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் பெரும்பாலும் எழும்பும், இறங்கும். எனவே மீன்கொத்தி எந்தப் பக்கம் முகம் வைத்து இறங்கும் என்று முன்கூட்டியே ஊகித்து, கம்பின் அந்தப் பக்கம் படத்தில் இடம் விட்டுக் காத்திருந்தேன். நடுவில் இருக்கும் ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கம்பின் தலையில் வைத்தாயிற்று. ஏழு மணி தாண்டி வந்தது. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. நான் மூச்சுக்கூட மெல்ல விட்டேன். தண்ணீருக்குள் பாய்ந்தது, திரும்பி அதே கம்பில், எச்சம் கிடந்த அதே தலையில் வந்து இருந்தது. அலகில் ஏதோ துடித்தது. கம்பில் ஓங்கி அடித்தது, தண்ணீர்த் துளி தெறித்தது. புள்ளியை அதன் கண்ணுக்கு ஏற்றி விரலை அழுத்தினேன். எட்டுப் படங்கள் விழுந்தன.

கைகள் நடுங்கின. பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணில் காலை வெயிலின் ஒரு சின்னப் பொட்டு இருந்தது. அலகு மண் ஒட்டிய சிவப்பு. மூன்று நாளில் எடுத்த 430 படத்தில் வைத்துக்கொள்ளக்கூடியவை பதினொன்று, அதில் இது ஒன்று. வீட்டுக்கு வந்து ஓரங்களைக் கொஞ்சம் வெட்டினேன், நிழலைச் சற்றுத் தூக்கினேன், நீலத்தைத் தொடவே இல்லை. அந்த நீலம் அதுவாகவே போதும்.

அன்று கரையில் ஐயா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். போய்த் திரையைக் காட்டினேன். "அலகில மீன் குஞ்சு, பாருங்க ஐயா" என்றேன். கமராவைத் தானே கையில் வாங்கி, வெயில் படாமல் தொப்பியால் மறைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"மீனில்ல மனே," என்றார், "றால். மீசை தெரியுது பாருங்க."