திரையில் விழுவதுதான் படம்: 2025 நாட்குறிப்பு

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

‘இன்டர்ஸ்டெல்லர்’ மீண்டும் ஐமேக்ஸில் ஓடுகிறது. 2014இல் வந்த படம். டிசம்பரிலேயே இங்கு வந்திருக்க வேண்டும். ஐமேக்ஸ் திரைகளை எல்லாம் ‘புஷ்பா 2’ பிடித்துக்கொண்டதால் இரண்டு மாதம் தள்ளிப்போனது.

வசனம் கேட்கவில்லை என்ற புகார் இந்தப் படத்துக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் பாதிக்கு நோலன் பொறுப்பு. ராக்கெட் கிளம்பும்போதும், லண்டன் டெம்பிள் சர்ச்சில் பதிவுசெய்த ஆர்கன் முழங்கும்போதும் பேச்சை அவர் வேண்டுமென்றே ஒலிக்குள் புதைக்கிறார். மீதிக்கு அரங்குகள்தான் பொறுப்பு. ஐமேக்ஸின் ஒலியளவு தனி ஏற்பாடு, அதை விடுவோம். சாதாரண அரங்கில் சவுண்ட் ப்ராசஸரின் ஃபேடர், அதாவது ஒலியளவைக் கூட்டிக்குறைக்கும் குமிழ், 7இல் நின்றால்தான் மிக்ஸிங் ஸ்டுடியோவில் கேட்ட அளவு நமக்கும் கேட்கும். விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்கிறது என்று யாராவது புகார் சொன்னதும் ஆபரேட்டர் 5க்கு இறக்கிவிடுவார். படம் தொடங்கிய பிறகு அதை யாரும் ஏற்றுவதில்லை. 7க்கும் 5க்கும் நடுவே கிட்டத்தட்ட 6.7 டெசிபல் வித்தியாசம். வெடிச்சத்தம் அப்போதும் வெடிச்சத்தமாகவே இருக்கும். மெல்லிய பேச்சுதான் காணாமல் போகும். வெளியே போய் “சவுண்டு கம்மி” என்று சொல்வதைவிட “ஃபேடர் எத்தனையில இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சீக்கிரம் வரும்.

சரியான ஒலியில் இந்தப் படத்தில் கேட்க வேண்டிய இடம் ஒரு மௌனம். விண்வெளி வீரர் டாக்டர் மேன் உபதேசம் செய்துகொண்டே விண்கலத்தின் காற்றறைக் கதவைத் திறக்கிறார். வாக்கியம் முடிவதற்குள் கதவு வெடிக்கிறது, கேமரா வெளியே வந்துவிடுகிறது, சத்தம் மொத்தமாக நின்றுபோகிறது. அந்தச் சில நொடிகள் அரங்கின் ஏசி இரைச்சல்கூடக் காதில் விழும்.

4 மார்ச், செவ்வாய்

நேற்று ‘தி புரூட்டலிஸ்ட்’ மூன்று ஆஸ்கர் வாங்கியது: நடிகர், ஒளிப்பதிவு, இசை. மூன்றும் நியாயமானவை. ஒரு கோடி டாலருக்கும் குறைவான செலவில் இவ்வளவு பெரிய உருவத்தை எழுப்பியதற்கு விஸ்டாவிஷன் என்ற படப்பிடிப்பு முறை ஒரு காரணம். 35 மி.மீ. ஃபிலிமையே மேலிருந்து கீழாக ஓட்டாமல் படுக்கைவாட்டில் ஓட்டுவார்கள். ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிமின் ஓரத்தில் எட்டுத் துளை. படப்பரப்பு வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு கிடைக்கிறது, உயர்ந்த கட்டடங்களை வளையாமல் எடுக்கலாம்.

படத்தின் வடிவம், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், 1.66:1. இதை ஃப்ளாட் (1.85:1) அமைப்பில்தான் ஓட்ட வேண்டும்; இருபுறமும் ஒல்லியான கறுப்புப் பட்டை வரும், அது குறை இல்லை. ஆபரேட்டர் மறந்து அதைவிட அகலமான ஸ்கோப்பில் போட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். கட்டடக் கலைஞனைப் பற்றிய படத்தில் கூரையே தெரியாது.

இடைவேளைக்கு வருவோம். 215 நிமிடப் படத்துக்குள்ளேயே 15 நிமிட இடைவேளை இருக்கிறது. திரையில் ஒரு திருமணப் புகைப்படம், ஓடுகிற கடிகாரம். முதல் பாதி முழுக்க நாயகனுடைய மனைவியின் கடிதங்களை மட்டும் கேட்கிறோம். அந்தப் புகைப்படத்தில் அவள் முகம். இடைவேளை முடிந்ததும் அவளே வருகிறாள். நம் ஊரில் மற்ற ஹாலிவுட் படங்களுக்கு நடப்பது வேறு. ப்ளேலிஸ்ட்டில், அதாவது புரொஜக்டர் எதை எப்போது ஓட்ட வேண்டும் என்ற பட்டியலில், யாரோ ஒரு நேரத்தைக் குறித்துவைக்கிறார்கள், அந்த நேரம் வந்ததும் படம் நிற்கிறது, பாதி வாக்கியமானாலும் சரி. குறிப்பவர் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படத்தை ஓட்டிப் பார்த்து, இசை அடங்கி அடுத்த காட்சி தொடங்கும் இடத்தில் குறித்தால் போதும். செலவே இல்லாத வேலை, அதையும் செய்வதில்லை.

இந்திக்காரர்களுக்கு இந்த விஷயம் கைவந்தது, இடைவேளையை எழுதியே பழகியவர்கள். சென்ற ஆண்டின் ‘கில்’ இன்னொரு படி மேலே போனது. படத்தின் பெயரே ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரையில் வருகிறது. அதுவரை நாயகன் ரயில் கொள்ளையர்களை அடித்துச் சாய்க்கிறான். அதற்குப் பிறகு கொல்கிறான். அடியின் வகையே மாறுகிறது, பெயர் அந்தக் கோட்டில் விழுகிறது.

20 ஏப்ரல், ஞாயிறு

‘சின்னர்ஸ்’. இந்த ஆண்டு இதுவரை வந்த ஹாலிவுட் படங்களில் எனக்கு இதுதான் முதலிடம்.

ஒளிப்பதிவாளர் ஆட்டம் (Autumn) டூரால்ட் ஆர்க்கபாவ். ஐமேக்ஸ் ஃபிலிமில் முழுநீளப் படம் எடுத்த முதல் பெண். இரண்டு வடிவங்களைக் கலந்திருக்கிறார்கள். ஒன்று அல்ட்ரா பானாவிஷன் 70, மிக அகலம், 2.76:1. இன்னொன்று ஐமேக்ஸ், உயரம், 1.43:1. ஐமேக்ஸ் கேமரா தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும், ஒரு மேகசினில் ஏறக்குறைய மூன்று நிமிட ஃபிலிம்தான் கொள்ளும். நிறைய பேச்சு இருக்கும் காட்சிகளுக்கு அது ஒத்துவராது.

எங்கே பார்ப்பது? 1.43 உயரம் முழுதாகக் கிடைக்க 70 மி.மீ. ஐமேக்ஸோ அதற்கேற்ற லேசர் புரொஜக்டரும் உயரத் திரையுமோ வேண்டும். நம் ஐமேக்ஸ் அரங்குகள் பெரும்பாலும் 1.90 வரைதான், அதிலும் சட்டகம் உயரமாகத் திறப்பது தெரியும். சாதாரண அரங்கில் படம் முழுக்க 2.76லேயே ஓடும். அங்கே இது ஸ்கோப் திரைக்குள்ளும் மேலும் கீழும் பட்டையோடுதான் வரும். திரையைச் சுற்றிக் கறுப்புத் துணி இழுக்கும் வசதி இல்லாத அரங்கில் அந்தப் பட்டை சாம்பல் நிறமாக வெளிறித் தெரியும், இரவுக் காட்சிகளின் இருட்டே கெடும். முன்பதிவுக்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான்: ஐமேக்ஸ் கிடைத்தால் ஐமேக்ஸ், இல்லாவிட்டால் அகலமான ஸ்கோப் திரை. ஃப்ளாட் திரையில் இந்தப் படம் ஒரு ரிப்பன்.

எல்லோரும் சொல்லும் காட்சி, சாமி (Sammie) என்ற பையன் பாட்டுக்கூடத்தில் பாடும்போது முன்னோர்களும் பின்னால் வரப்போகிறவர்களும் ஒரே தரையில் ஆடுவது. மின்சார கிட்டாரும் டிஜேவும் ஆப்பிரிக்க நடனமும் சீன இசைநாடகமும் ஒன்றாக வருகின்றன. ஒரே ஷாட் போலத் தெரிந்தாலும் துண்டுகளைக் கோர்த்ததுதான். கேமரா தூண்களுக்கும் உடல்களுக்கும் பின்னால் போய்வரும் இடங்களைக் கவனியுங்கள். லுட்விக் யோரன்ஸன் இசை காலம் மாறும்போதெல்லாம் தாளத்தை மாற்றாமல் வாத்தியத்தை மட்டும் மாற்றுகிறது. அதனால்தான் அத்தனையும் ஒரே பாட்டாக நிற்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒரு சாதாரணக் காட்சி. 1932இன் மிசிசிப்பி, கிளார்க்ஸ்டேல். ஒரு சீனக் குடும்பத்துக்குத் தெருவின் இருபக்கமும் கடை: ஒன்று கறுப்பர்களுக்கு, ஒன்று வெள்ளையர்களுக்கு. மகள் ஒரு கடையிலிருந்து தெருவைக் கடந்து மறு கடைக்குப் போகிறாள், வெட்டில்லாமல் கேமரா அவள் பின்னாலேயே போகிறது. இனப்பிரிவினையைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. தெருவின் அகலம் மட்டும்தான் காட்டப்படுகிறது.

குறை: கடைசிச் சண்டையில் யார் எந்த மூலையில் நிற்கிறார்கள் என்பது பிடிபடவில்லை. முதல் ஒரு மணி நேரம் பாட்டுக்கூடமாக மாறிய அந்த மர ஆலையை அவ்வளவு பொறுமையாகச் சுற்றிக்காட்டிய படம் இங்கே அவசரப்படுகிறது.

பெரிய வேண்டுகோள்: பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். அதன் நடுவில் 1992இல் நடக்கும் ஒரு முழுக் காட்சி இருக்கிறது, வயதான சாமியாக ப்ளூஸ் இசைக் கலைஞர் பட்டி கை (Buddy Guy). அதுதான் கதையின் உண்மையான முடிவு. பல அரங்குகளில் முதல் பெயர் வந்ததும் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். விளக்கு எப்போது எரிய வேண்டும் என்பதும் ப்ளேலிஸ்ட்டில் ஒரு குறிப்புதான். அதைத் தள்ளிவைக்க ஒரு நிமிடம் ஆகும்.

13 ஜூலை, ஞாயிறு

‘சூப்பர்மேன்’ இந்தியப் பிரதியில் 33 வினாடி முத்தம் வெட்டப்பட்டிருக்கிறது. படத்தை வெட்டினால் அதோடு ஒலியும் வெட்டுப்படும். ஏறிக்கொண்டிருந்த இசை தாவி வேறு இடத்தில் விழுகிறது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ இடறியது மட்டும் தெரியும். பழி எடிட்டர் தலையில் விழும். சென்ற மாதம் ‘எஃப்1’இல் விரல் காட்டும் எமோஜிக்குப் பதில் முஷ்டி எமோஜி வைத்தார்கள், அதனால் படத்துக்குச் சேதம் இல்லை. 2023இல் ‘ஓப்பன்ஹைமரில்’ ஃபுளோரன்ஸ் பியூவுக்குக் கணினியில் கறுப்பு உடை போர்த்தினார்கள். இழப்பு உண்டு, ஆனால் காட்சியின் நீளமும் இசையும் தப்பின. வெட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

2024இன் புதிய விதிகளில் யுஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று பிரித்தார்கள். வயதுவாரியாகச் சான்றிதழ் இருக்கும்போது கத்தரிக்கோல் எதற்கு?

‘எஃப்1’ பற்றி: ஓடுவது உண்மையான கார், எஃப்2 கார்களைத் திருத்திச் செய்தவை. அதில் பொருத்திய சிறிய கேமராக்களை ஓட்டத்தின் நடுவிலேயே தூரத்திலிருந்து திருப்ப முடிகிறது. பிராட் பிட் முகத்திலிருந்து வெட்டாமல் பாதைக்குத் திரும்பும் இடங்களில் வேகம் வயிற்றில் தெரிகிறது. வர்ணனையாளர்கள்தான் எல்லாவற்றையும் விளக்கித் தீர்க்கிறார்கள். பாதியை நீக்கியிருக்கலாம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இந்திப் படமான ‘வார் 2’ தமிழிலும் வந்தது, ‘கூலி’ வந்த அதே நாளில். டப்பிங்கில் உதட்டசைவை மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாது. உதடு மூடும் இடத்தில் ப, ம வருமாறு எழுதுவது இப்போது எல்லோருக்கும் கைப்பழக்கம். கோட்டைவிடுவது காட்சி நடக்கும் இடத்தின் ஒலியில். குரலை நீக்கி, இசையும் சத்தங்களும் மட்டும் இருக்கும் டிராக்கின் மேல் தமிழ்க் குரலை வைக்கிறார்கள். அந்தக் குரலுக்கு அறையின் எதிரொலியோ, மைதானத்தின் காற்றோ சேர்க்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டால் பத்தடி தள்ளி நிற்பவனும் காதோரம் பேசுவான். ஹாலிவுட் டப்பிங்குகளிலும் இதே நோய்.

படம்? சண்டைகளுக்கு எடையே இல்லை. மே மாதம் வந்த ‘மிஷன் இம்பாசிபிள்’ கடைசிப் பாகத்தில் டாம் குரூஸ் தொங்கியது உண்மையான இரட்டை இறக்கை விமானத்தில். காற்று அவர் கன்னத்தை இழுத்து முகத்தையே மாற்றுகிறது. இங்கே ரயில் கூரையில் நிற்பவர்களின் தலைமுடி ஒரு பக்கம், பின்னணியின் வேகம் ஒரு பக்கம். கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

28 செப்டம்பர், ஞாயிறு

ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு பெரிய படங்கள்.

‘ஹோம்பவுண்ட்’, நீரஜ் கேவான். பஷாரத் பீர் 2020இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது. வட இந்தியக் கிராமத்து நண்பர்கள் இருவர், ஷோயப் முஸ்லிம், சந்தன் தலித். போலீஸ் வேலைக்குத் தேர்வு எழுதுகிறார்கள், முடிவு வருவதாக இல்லை. சூரத் மில்லுக்குப் போகிறார்கள், ஊரடங்கு வருகிறது, வீட்டுக்கு நடக்கிறார்கள். எப்படி முடியும் என்று ஊகிக்க முடிந்தாலும் கை நடுங்குகிறது.

கேவானின் பலம் அவமானத்தின் அளவைச் சரியாக நிறுத்துவது. அலுவலகத்தில் ஷோயப் மேசைமேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போகிறான். வேண்டாம் என்கிறார் பாட்டிலுக்கு உரியவர். கத்தல் இல்லை, பின்னணி இசை பெருகவில்லை. இஷான் கட்டர் கையைப் பின்னிழுக்கும் விதத்தில் காட்சி முடிந்துவிடுகிறது. சந்தன் விண்ணப்பத்தில் இட ஒதுக்கீட்டை விட்டுப் பொதுப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். விஷால் ஜேட்வா தன் பெயரைச் சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்ளும் சிறு இடைவெளியில் அந்த வாழ்க்கை முழுதும் இருக்கிறது. ஜான்வி கபூரின் பாத்திரம் கருத்தைச் சொல்ல வந்ததாகவே நின்றுவிட்டது. தணிக்கை வாரியம் இதிலும் பல இடங்களில் கைவைத்தது என்பது வேதனை. இம்மாதிரிப் படங்களுக்குக் காலைக் காட்சி ஒன்றுதான் கிடைக்கும், இரண்டாவது வாரம் அதுவும் இருக்காது. இந்த வாரமே போய்விடுங்கள்.

‘ஒன் பேட்டில் ஆஃப்டர் அனதர்’, பால் தாமஸ் ஆண்டர்சன். இதுவும் விஸ்டாவிஷன்தான், இங்கே கட்டடத்துக்குப் பதில் ஓட்டம். விஸ்டாவிஷன் பிரதியாகவே திரையிடும் அரங்குகள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நமக்கு ஐமேக்ஸில் 1.90, மற்ற இடங்களில் 1.85. கடைசிக் கார் துரத்தலுக்காக மட்டுமே பெரிய திரையைத் தேடலாம். கலிபோர்னியப் பாலைவனத்தில் ஏறி ஏறி இறங்கும் நேர்ச்சாலை. நீளமான லென்ஸ் மேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிவிடுகிறது; முன்னால் போகும் கார் மேட்டில் தெரிந்து பள்ளத்தில் மறைகிறது. அடுத்த மேட்டில் எது தெரியும் என்பதே பதற்றம். வளைவு, எதிர்வண்டி, வெடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. கேமராவைத் தரையோடு ஒட்டி வைத்ததால் வயிறு மேலே வருகிறது. பின்வரிசையைவிட நடு வரிசைக்குச் சற்று முன்னால் உட்கார்ந்தால் அந்த மேடுகள் கண் முழுவதையும் நிறைக்கும்.

7 டிசம்பர், ஞாயிறு

‘துரந்தர்’ 214 நிமிடம். விளம்பரம், இடைவேளை, கூட்டிப்பெருக்கும் நேரம் சேர்த்தால் ஒரு காட்சிக்கு நான்கு மணி நேரம். காலை 9க்குத் தொடங்கினாலும் நள்ளிரவு தாண்டி நான்கு காட்சிதான் ஓட்டலாம். இருந்தும் கூட்டம் அலைமோதுகிறது.

அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்தது நீளத்தைத் தாங்க உதவுகிறது. கராச்சி லியாரியின் கும்பல் அரசியலை ஆதித்ய தர் நிதானமாக விரிக்கிறார். அக்‌ஷய் கன்னா குரலை உயர்த்தாமலே ஒவ்வொரு காட்சியையும் கைப்பற்றுகிறார், ரன்வீர் சிங்கும் அதற்கு இடம்கொடுத்து ஒதுங்கி நிற்கிறார். எனக்கு ஒப்பாத இடம், உண்மைத் தாக்குதல்களின் பதிவுகளைக் கற்பனை நாயகனின் கதையோடு தைத்திருப்பது. செத்தவர்களுக்காக எழும் துக்கத்தைப் படம் தன் நாயகனின் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது. இரண்டாம் பாகம் மார்ச் 19 என்று முடிவில் அறிவிக்கிறார்கள்.

21 டிசம்பர், ஞாயிறு

‘அவதார்: ஃபயர் அண்ட் ஆஷ்’, 197 நிமிடம், 3டி. டிக்கெட் எடுப்பதற்கு முன் சில விஷயங்கள்.

2டியில் திரையின் வெளிச்சம் 14 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 3டி கண்ணாடி வழியே 4.5 கிடைத்தாலே நல்ல அரங்கு. பழைய செனான் விளக்கு என்றால் 3க்கும் கீழே போகும். அதனால் லேசர் புரொஜக்டர் உள்ள திரையைத் தேடுங்கள். போலரைஸ்டு கண்ணாடி கொடுக்கும் அரங்கில் திரை வெள்ளிப் பூச்சுள்ளது; நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கலாகவும் தெரியும். ஓர இருக்கையை எடுக்காதீர்கள். தலையைச் சாய்த்துப் பார்த்தால் சில கண்ணாடிகளில் உருவம் இரட்டையாகும்.

சில அரங்குகளில் வினாடிக்கு 48 ஃபிரேம் பிரதி ஓடுகிறது. தண்ணீரிலும் பறக்கும் காட்சிகளிலும் அது அற்புதம், 3டியின் நடுக்கம் போய்விடுகிறது. ஆனால் பேச்சுக் காட்சிகள் 24க்குத் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் கண் தடுமாறுகிறது. எனக்கு இது இன்னும் பழகவில்லை.

கதை முந்தைய பாகத்தின் தடத்திலேயே போகிறது, பிடிபடுவதும் தப்புவதும் மறுபடி பிடிபடுவதுமாக. புதிதாக இருப்பது சாம்பல் இனத்தின் தலைவி வரங், ஊனா சாப்ளின் நடித்தது. முதல் பாதியில் அவள் வரும் இடமெல்லாம் தீ. கடைசிப் போரில் அவளை ஓரங்கட்டியது பெரிய வீணடிப்பு. சாம்பல் இனத்தாரின் உடம்பு முழுக்க வெளிறிய பூச்சு, அதன்மேல் சிவப்பு. மங்கிய 3டியில் இரண்டும் ஒரே பழுப்பாகிவிடும். உங்கள் ஊரில் நல்ல லேசர் திரை இல்லையென்றால் 2டி காட்சிக்கே போங்கள்.