ஊசி புதுசுதான், டியூபில் யார் பெயர்?

ரத்தப் பரிசோதனைக்கு லேபில் கை நீட்டும் பலரும் ஊசி புதுசா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நியாயம்தான். ஒருவருக்குக் குத்திய ஊசி வழியே ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரவலாம். உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். பிரித்த ஊசி டிரேயில் கிடந்தால் வேறு கேளுங்கள். கையுறையையும் பாருங்கள், முந்தைய ஆளுக்குப் போட்டதையே போட்டுக்கொண்டு வந்தால் மாற்றச் சொல்லலாம்.

ஆனால் யாரும் கேட்காத கேள்வி, டியூபில் யார் பெயர் என்பது. முன்கூட்டியே பெயர் ஒட்டி வரிசையாக வைத்திருக்கும் டியூப்கள்தான் ஆள் மாற வழி. ரத்தம் எடுத்தபின், நீங்கள் எழுந்திருக்கும் முன், பெயரும் பிறந்த தேதியும் கேட்டு ஒட்ட வேண்டும். "செல்விதானே?" என்றால் அரைத்தூக்கத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். பெயரை நீங்களே சொல்லுங்கள்.

கையில் கட்டும் ரப்பர் பட்டை, ஊசி குத்தும் இடத்துக்கு நான்கு விரல் மேலே, ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொல்லிக்கொண்டே நரம்பு தேடினால் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஊதா மூடி டியூபில் இருப்பது ரத்தம் உறையாமலிருக்கப் பொட்டாசியம் கலந்த மருந்து. அதன் துளி அடுத்த டியூபுக்குப் போனாலும் அதே கதை, கூடவே கால்சியம் குறையும். அதனால்தான் நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், ஊதா, சாம்பல் என்று மூடிகளுக்கு வரிசை. ஸ்பிரிட் தடவினால் முப்பது நொடி காயட்டும். ஈரத்தில் குத்தினால் எரியும்.

நாம் 'நரம்பு' என்பது ரத்தக்குழாயை. நிஜ நரம்பில் பட்டால் விரல்வரை ஷாக் அடித்ததுபோல் ஓடும். பொறுத்துக்கொள்ளாதீர்கள், உடனே சொல்லுங்கள்; ஊசியை எடுத்துவிட வேண்டும், உள்ளேயே திருப்பித் தேடக்கூடாது. ஒருவர் இரண்டு முறை குத்தியும் கிடைக்காவிட்டால் வேறொருவர் முயல்வதே முறை.

டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையிலோ டிரிப் ஏறும் கையிலோ எடுக்கக்கூடாது. மார்பக அறுவை செய்த பக்கம் என்றாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மயக்கம் வரும் பழக்கமிருந்தால் படுத்துக்கொண்டே கொடுக்கலாம்.

குத்திய இடத்தில் நீலம் பாய்வது பெரும்பாலும் கடைசி நிமிடத்தில்: பட்டையைத் தளர்த்தாமல் ஊசியை உருவுவது, பஞ்சை வைத்துக் கையை மடக்குவது. கையை நீட்டியபடி மூன்று நிமிடம் அழுத்துங்கள்; ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுபவர்கள் ஐந்துக்கு மேல்.