5.0 கிகாஹெர்ட்ஸில் நிலைக்காத 8700கே: நாட்குறிப்பு

12 மே 2019, ஞாயிறு

இன்டெல் ஐ7-8700கே சிபியுவை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் (ஓவர்கிளாக்) முயற்சி இது. இசட்370 போர்டு, 240 மிமீ ரேடியேட்டர் கொண்ட வாட்டர் கூலர், 16 ஜிபி ரேம் இரண்டு. மல்டிப்ளையர் 50 (100 மெகாஹெர்ட்ஸின் 50 மடங்கு, அதாவது 5.0 கிகாஹெர்ட்ஸ்), கேஷ் (சிப்புக்குள் உள்ள தற்காலிக நினைவகம்) 47, பயாஸில் வீகோர் (கோர்களுக்குப் போகும் வோல்டேஜ்) 1.30 வோல்ட், எக்ஸ்எம்பி (ரேமை வேகமாக ஓட்டும் தயார் அமைப்பு) 3200. சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை பத்து முறை ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. கேம் தொடங்கி அரை மணியில் நீலத்திரை: ஒருமுறை கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட் (ஒரு கோர் பதில் தரவில்லை), இருமுறை டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர் (திருத்த முடியாத வன்பொருள் பிழை).

உடனே வீகோரை ஏற்றத் தோன்றும். அதற்கு முன் ரேமைப் பிரித்துப் பார்ப்பதுதான் முறை. இந்த சிப்புக்கு இன்டெல் சொல்லும் வேகம் டிடிஆர்4-2666. அப்படியென்றால் எக்ஸ்எம்பி 3200 என்பதே ஓர் ஓவர்கிளாக். சிபியுவை டீஃபால்ட்டுக்குத் திருப்பி, எக்ஸ்எம்பியை மட்டும் வைத்து ரேம் சோதனையான மெம்டெஸ்ட்86-ஐ நான்கு பாஸ் ஓட்டியதில் ஒரு பிழைகூட வரவில்லை. ஆனாலும் மெமரி கன்ட்ரோலர் சிபியுவுக்குள்ளேதான் இருக்கிறது, கோர் வேகம் ஏறியபின் இன்னொரு முறை ஓட்ட வேண்டும். அதுவரை எக்ஸ்எம்பி ஆஃப்.

13 மே, திங்கள்

மல்டிப்ளையர் மறுபடி 50. கடும் கணக்குகளால் சிபியுவைச் சோதிக்கும் பிரைம்95-இன் 26.6 பதிப்பு, அதில் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை. இந்தப் பதிப்பில் ஏவிஎக்ஸ் (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும், சிப்பைச் சூடாக்கும் கட்டளைகள்) கிடையாது, அதனால் சூடு கட்டுக்குள் இருக்கும். 11ஆவது நிமிடம் ஒரு வொர்க்கர் (பிரைம்95 பிரித்து ஓட்டும் கணக்குகளில் ஒன்று) நின்றது: ரவுண்டிங் பிழை 0.5, 0.4க்குள் இருந்திருக்க வேண்டும். மறுபடி ஓட்டினால் நிற்பது அதே வொர்க்கர்.

லோடில் வீகோர் 1.216. பயாஸில் போட்ட 1.30 சிப்புக்குப் போய்ச் சேரவே இல்லை. லோடு லைன் கேலிப்ரேஷனை (சுமையில் வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் அமைப்பு) ஒரு படி கூட்டியதும் லோடில் 1.26, சூடு 84 டிகிரி, ஒரு மணி நேரம் பிழையில்லை. படியைக் கூட்டுமுன் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்: சில போர்டுகளில் லெவல் 1தான் உச்சம், சிலவற்றில் அதுவே அடிமட்டம்.

14 மே, செவ்வாய்

நீலத்திரை நின்றுவிட்டது. கோளாறு நிற்கவில்லை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து, டபிள்யூஎச்இஏ-லாகர் (வன்பொருள் பிழைகளைப் பதியும் பகுதி) என்று வடிகட்டினால் இரண்டு மணி நேர கேமுக்கு 11 மஞ்சள் எச்சரிக்கைகள். எல்லாமே ஈவென்ட் 19: பிழை வந்தது, திருத்தப்பட்டது. வகை இன்டர்னல் பேரிட்டி எரர். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஏபிஐசி ஐடி (பிழை எங்கே வந்தது என்று காட்டும் எண்): 9 இடத்தில் 4, 2 இடத்தில் 5. ஒரு கோர் இரண்டு போல வேலை செய்யும் ஹைப்பர்த்ரெடிங்கில் ஒரு கோருக்கு இரண்டு ஐடி. 0, 1 முதல் கோர். 2, 3 இரண்டாவது. 4, 5 மூன்றாவது. ஆக, பலவீனம் மூன்றாவது கோரில்.

பிரைம்95-இல் தேறிய சிப் கேமில் ஏன் தடுமாறுகிறது? பிரைம்95 ஒரே சீரான சுமை. கேமில் சுமை நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும், ஒவ்வொரு ஏற்றத்திலும் வோல்டேஜ் கணநேரம் பள்ளத்தில் விழும். 2 நொடிக்கு ஒருமுறை படிக்கும் கண்காணிப்பு மென்பொருளான எச்டபிள்யூஇன்ஃபோவில் அந்தப் பள்ளம் தெரியாது. லோடு லைனை உச்சத்துக்குத் தள்ளுவது மருந்தல்ல. சுமை விலகும்போது வோல்டேஜ் அதே வேகத்தில் மேலே துள்ளும்.

கேஷுக்கும் கோருக்கும் ஒரே வோல்டேஜ்தான். முதலில் கேஷை 47இலிருந்து 44க்கு இறக்கினேன்: அதே இரண்டு மணி நேரத்தில் 3 எச்சரிக்கை. அப்புறம்தான் வீகோர் 1.32: பூஜ்யம். இரண்டையும் சேர்த்து மாற்றியிருந்தால் எது எவ்வளவு உதவியது என்றே தெரிந்திருக்காது.

16 மே, வியாழன்

ஏவிஎக்ஸ் உள்ள பிரைம்95-இன் 29ஆவது பதிப்பு. 32 டிகிரி அறையில் 40 நொடியில் 98 டிகிரி. 100ஐத் தொட்டால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் பிழையும் ஒளிந்துகொள்ளும், அந்தச் சோதனையை நம்ப முடியாது.

ஏவிஎக்ஸ் ஆஃப்செட் 2 வைத்து, ஏவிஎக்ஸ் ஓடும்போது மட்டும் 4.8க்கு இறக்கலாம். ஆனால் ஏவிஎக்ஸ் கட்டளை வரும்போதெல்லாம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே ஏற்ற இறக்கத்தில் தடுமாறும் சிப்புக்கு அது வேண்டாம். எல்லாக் கோரும் 4.9, வீகோர் 1.27. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் போகும். கணக்குப்படி சுமார் 9% குறைய வேண்டும். சூடு 92இல் நின்றது. 100 மெகாஹெர்ட்ஸ் விட்டுக்கொடுத்ததில் வருத்தமில்லை.

19 மே, ஞாயிறு

எக்ஸ்எம்பி ஆன். போர்டு ஆட்டோவில் சிஸ்டம் ஏஜென்ட் (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதி) வோல்டேஜை 1.33க்குத் தூக்கியிருந்தது, 3200க்கு அவ்வளவு தேவையே இல்லை. கையால் 1.20, விசிசிஐஓ (சிபியுவின் உள்ளீடு-வெளியீட்டுப் பகுதிக்கான வோல்டேஜ்) 1.15. மெம்டெஸ்ட்86 மீண்டும் நான்கு பாஸ், பிறகு ரேமையும் சேர்த்துச் சோதிக்கும் பிரைம்95 பிளெண்ட் ஆறு மணி நேரம். பிழையில்லை. சிஸ்டம் லாகைக் காலி செய்தாயிற்று.

22 மே, புதன்

மூன்று நாள் கேம், வீடியோ என்கோடிங், ராத்திரி முழுக்க ஐடில். ஈவென்ட் 19 ஒன்றும் இல்லை. பயாஸில் முதல் ப்ரொஃபைலாகச் சேமித்தேன்.