விருப்பப் பாடமாக இதழியல்: ஒரு கலிபோர்னியா அனுபவம்

கலிபோர்னியாவில் அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வுப் படிவம் பெரும்பாலும் வசந்த காலத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறது. நம் குடும்பங்களில் பலர் கணிதம், அறிவியல், கணினி என்று நிரப்பிவிட்டு, மிஞ்சும் விருப்பப் பாடக் கட்டத்திலும் இன்னொரு ஏபி பாடத்தையே (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) எழுதுகிறார்கள். நான் அந்தக் கட்டத்தில் முதலில் மேடைப்பேச்சையும் பிறகு இதழியலையும் எழுதினேன். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவை அந்த இரண்டும்தான்.

2021இல் மதுரையிலிருந்து வந்து பத்தாம் வகுப்பில் சேர்ந்தேன். அப்பாவுக்கு இரண்டே கேள்விகள்: இந்தப் பாடம் கல்லூரிக்குக் கணக்கில் வருமா? சராசரி மதிப்பெண் குறையுமா? முதல் கேள்விக்குப் பதில் எளிது. இம்மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு பிரிவுகளில் ஓராண்டுப் பாடங்கள் 15 கேட்கின்றன. 'ஜி' என்பது விருப்பப் பாடத்துக்கான பிரிவு. எந்தப் பள்ளியின் எந்தப் பாடம் எதில் சேரும் என்ற பட்டியலைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. எங்கள் பள்ளியின் இரண்டு பாடங்களும் அதில் இருந்தன.

இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில், குறையலாம் என்பதுதான். ஏபி பாடத்தில் 'ஏ' வாங்கினால் 5 புள்ளி. சாதாரண விருப்பப் பாடத்தில் 4. அப்பா தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தார். புது ஊரில் வாய் திறந்து பேசப் பழகுவதற்கு இது பெரிய விலை இல்லை என்று சொல்லிக் கையெழுத்திட்டார். இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

மதுரையில் நான் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். ஆசிரியர் எழுதித் தருவார்; மனப்பாடம் செய்து, குரலை ஏற்றி இறக்கிப் பேசுவேன். இங்கே வேறு முறை. மூன்று கேள்விகளைத் தந்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். தயாரிக்க 30 நிமிடம், பேச 7 நிமிடம். எந்தத் தகவல் எந்தப் பத்திரிகையில் எப்போது வந்தது என்பதையும் பேச்சுக்குள்ளேயே சொல்ல வேண்டும். 1925இல் தொடங்கிய தேசியப் பேச்சு, விவாதச் சங்கத்தின் போட்டிகளில் உள்ள வடிவம் இது. சொந்தமாக எழுதிப் பேசும் 10 நிமிடப் பிரிவும் உண்டு. அதில் பிறர் எழுதிய சொற்கள் 150க்கு மேல் போகக் கூடாது. மேற்கோள்களாலேயே மேடையை நிரப்பி வளர்ந்த எனக்கு அந்த வரம்பு பெரிய விடுதலை. என் கருத்து என்ன என்று முதன்முதலாக நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பதினொன்றில் இதழியல். முக்கியமான செய்தி முதல் வரியில், மற்றவை அதன் கீழே வரிசையாக. இதை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். கடினமானது கேட்பது. பெரியவர்களை இடைமறித்துக் கேள்வி கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆசிரியையோ நான் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் 'யார் சொன்னது?' என்று எழுதித் திருப்பித் தருவார். பெயரோடு பதில் இல்லையென்றால் அந்த வாக்கியம் போய்விடும்.

அந்த ஆண்டுதான் புதிய நேரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூலை முதல் இம்மாநிலத்தில் கிராமப்புற மாவட்டங்கள் தவிர மற்ற இடங்களில் உயர்நிலைப் பள்ளி காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது. பதின்வயதினருக்குக் கூடுதல் தூக்கம் வேண்டும் என்பது நோக்கம். ஆனால் அதற்கு முன்னால் நடக்கும் ஜீரோ பீரியட் வகுப்புகளுக்கு இந்தத் தடை இல்லை. அப்படியானால் உண்மையில் யார் கூடுதலாகத் தூங்குகிறார்கள்? அதுவே என் கட்டுரையின் கேள்வி. பஸ் ஓட்டுநர்கள், விளையாட்டுப் பயிற்சியாளர்கள், அதிகாலை வேலைக்குப் போகும் பெற்றோர் என்று பலரிடம் பேசினேன். வேலைக்குப் போகும் வழியில் பிள்ளையை ஏழு மணிக்கே இறக்கிவிட்டுச் செல்வதாகவும், வாசல் திறக்கும்வரை அவன் வெளியில் நிற்பதாகவும் ஒரு தாய் சொன்னார். ஒவ்வொரு பேட்டியின் முடிவிலும் 'இதைப் பற்றி நான் வேறு யாரிடம் பேச வேண்டும்?' என்று கேட்பேன். அவரிடம் என்னை அனுப்பியது அந்தக் கேள்விதான்.

அந்தத் தாயின் கூற்றை நீக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. பள்ளியைக் குறைசொல்வதுபோல இருக்கிறதாம். எனக்குக் கோபம் வந்தது, பயமும்தான். வகுப்பில் படித்த வழக்குகள் அப்போது உயிர் பெற்றன. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களுக்காக 1969இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த டிங்கர் தீர்ப்பு, மாணவர்களின் பேச்சுரிமை பள்ளி வாசலோடு முடிவதில்லை என்றது. அதே நீதிமன்றத்தின் 1988 ஹேசல்வுட் தீர்ப்பு, பள்ளியின் ஆதரவில் வரும் பத்திரிகையைத் தணிக்கை செய்யப் பள்ளிக்குப் பெரிய இடம் தந்தது. ஆனால் கலிபோர்னியாவின் கல்விச் சட்டத்தில் 48907 என்ற பிரிவு 1977 முதலே இருக்கிறது. அதன்படி மாணவர் பத்திரிகையில் ஆபாசம், அவதூறு, சட்டமீறலுக்கோ பள்ளி ஒழுங்கைக் குலைக்கவோ தூண்டுதல் ஆகியவை தவிர மற்றவற்றைத் தடுக்க முடியாது. மாணவர்களுக்குத் துணைநிற்கும் ஆசிரியரைத் தண்டிக்கவும் கூடாது.

ஆசிரியை அந்தப் பிரிவை அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். என்னை வேறு வேலைக்கு அனுப்பினார்: அந்தத் தாயிடம் மறுபடி பேசி, சொன்னதை உறுதிசெய்ய வேண்டும், பள்ளியின் பதிலையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டையும் செய்தேன். கூற்று அப்படியே அச்சானது, அதன் கீழே பள்ளியின் விளக்கமும். அடுத்த பருவத்தில் வாசலை முன்னதாகத் திறந்தார்கள். என் கட்டுரைதான் காரணம் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அந்தத் தாய் மட்டும் பத்திரிகையின் இரண்டு பிரதிகள் கேட்டு வாங்கிப் போனார்.

பன்னிரண்டில் பத்திரிகைத் தயாரிப்பு வகுப்புக்கு எழுத்து மாதிரியோடு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வகுப்புக் கட்டுரையைக் கொடுக்காதீர்கள். நாலு பேரிடம் பேசி எழுதியது எதுவானாலும் அதைக் கொடுங்கள். உங்கள் பள்ளியில் இதழியலே இல்லையென்றால் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) பாருங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் அங்கே பாடம் எடுக்கலாம். அதற்குப் பள்ளியின் ஒப்புதலும் பெற்றோரின் கையெழுத்தும் தேவை. விடுமுறை தொடங்கிவிட்டால் பள்ளியின் பாட ஆலோசகரைப் பிடிப்பது கடினம். மே மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள்.