மூன்றாம் நாள் அசதி

கணக்குப் பிரிவில் பதினேழு வருடங்களாக வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸில் ஒரு தொகையைப் படித்து எக்செல்லில் அடிப்பதெல்லாம் யோசித்துச் செய்கிற காரியமே இல்லை, கை தானாகச் செய்துவிடும். ஒருநாள் அது முடியாமல் போனது. 48,650 என்று படித்தேன். திரையின் மறுபக்கம் திரும்பினேன். எண் இல்லை. மறுபடி படித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பினேன். 48 வரைக்கும் நின்றது, மிச்சம் போய்விட்டது. ஐந்தாவது முறை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்து அடித்தேன். அன்றைக்கு முழுவதும் அப்படித்தான் போனது.

அப்போது ஒரு காய்ச்சல் வந்து போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. சாதாரண வைரஸ் காய்ச்சல், ஒரு வாரத்தில் எழுந்துவிட்டேன். உடம்புவலி போனது, இருமல் போனது, அசதி மட்டும் போகவில்லை. இரவு எட்டு மணி நேரம் தூங்கினாலும் விடியவிடிய மூட்டை தூக்கியவள் மாதிரிதான் எழுந்திருப்பேன்.

நன்றாக உழைத்த பிறகு வருகிற களைப்பு எல்லோருக்கும் தெரியும். படுத்தால் தூக்கம் வரும், எழுந்தால் போய்விடும். இது வேறு. தெரிந்த சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். ஸ்டேப்லரைக் காட்டி "அதை எடுங்க, அதை" என்பேன். மெயிலின் மூன்றாவது பத்திக்கு வரும்போது முதல் பத்தியில் என்ன இருந்தது என்று தெரியாது. மீட்டிங்கில் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் இரண்டுமே வெறும் சத்தமாகிவிடும். பிரெயின் ஃபாக் என்கிறார்களே, மூளை மூட்டம், அது இதுதான். பனிமூட்டத்தில் ரோடு இருந்த இடத்திலேயே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. எனக்கும் கணக்கு மறந்துபோகவில்லை.

பிறகு அந்தத் தப்பு நடந்தது. ஒரே இன்வாய்ஸுக்கு இரண்டு முறை பணம் அனுப்பிவிட்டேன். சப்ளையரே கூப்பிட்டுச் சொன்னார், பணமும் திரும்ப வந்துவிட்டது. மேனேஜர் திட்டவில்லை. "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இல்ல சார், தூக்கம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் நான்கு மாதம் நான் செய்ததை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு பதிவையும் மூன்று முறை சரிபார்த்தேன். எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்து அன்றைய வேலையைத் திரும்பப் பார்த்தேன். மீட்டிங்கில் புரியாத இடத்திலெல்லாம் தலையாட்டிவிட்டு, பிறகு யாரிடமாவது சுற்றிவளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்கு ஆன சக்தியைவிட, முடியவில்லை என்பதை மறைக்க ஆன சக்திதான் அதிகம். இருந்த கொஞ்சத்தையும் அதிலேயே கரைத்தேன்.

கடைசியில் டாக்டரிடம் போனேன். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் பார்க்கச் சொன்னார். குறட்டை உண்டா, பகலில் கண் சொக்குமா, அலர்ஜி மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா, மனம் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் குறைந்து கிடக்கலாம். தைராய்டு மந்தமாக இருந்தாலும், தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டாலும் இதே மூட்டம் வரும். அவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. காரணம் அதுவாக இருந்தால் வருடக்கணக்கில் கஷ்டப்பட வேண்டியதில்லை. எனக்கு எல்லாம் நார்மல் என்று வந்தது. அந்த ரிப்போர்ட்டை கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி கேட்டார். "எப்போ மோசமாகுது? உழைச்ச அன்னைக்கேவா, அப்புறமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மாதம் எழுதிப் பாருங்கள் என்றார். தினமும் இரண்டு வரி: என்ன செய்தேன், பத்துக்கு எத்தனை என்று தெம்புக்கு ஒரு மதிப்பெண்.

மாத முடிவு வந்தது. 30, 31, 1 மூன்று நாளும் கணக்கு முடிக்கும் வேலை, இரவு வரை உட்கார்ந்தேன். மதிப்பெண் ஆறு, ஏழு. நன்றாகத்தான் இருந்திருக்கிறேன்! 3ஆம் தேதி இரண்டு. 4ஆம் தேதி ஒன்று, அதை எழுதிய கையெழுத்தே கோணலாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு முழுவதும் ஒழித்துச் சுத்தம் செய்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை விழுந்திருக்கிறேன். அந்த இரட்டைப் பணம் போன தேதியை எடுத்துப் பார்த்தேன். அதுவும் மாத முடிவு வேலை முடிந்த மூன்றாம் நாள்.

உழைப்புக்கும் அசதிக்கும் நடுவே 12 முதல் 48 மணி நேரம் வரை இடைவெளி இருக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். அதனால்தான் நாமே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நாள்பட்ட சோர்வு நோய்க்கு 2015இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வகுத்த வரையறையில், உழைத்த பிறகு மோசமாவது ஒரு கட்டாய அறிகுறி. ஆறு மாதத்துக்கு மேல் பழையபடி இயங்க முடியாமல் இருக்க வேண்டும், உழைத்த பிறகு இப்படி மோசமாக வேண்டும், தூங்கினாலும் தெளிவு வரக் கூடாது. இவற்றோடு மூளை மூட்டமோ, நிமிர்ந்து நிற்கும்போது தலைசுற்றல் போன்ற தொந்தரவோ ஒன்று இருக்க வேண்டும். எனக்கு மூளை மூட்டத்தோடு சேர்த்து நான்கும் இருந்தன.

மூளை வேலையும் இதில் உழைப்புதான். மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம், ஆனால் சும்மா இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. "உட்கார்ந்துதானே வேலை பார்க்கிறாய்?" என்று என்னையே நான் கேட்டுக்கொண்டிருந்ததை அன்றோடு விட்டுவிட்டேன்.

எல்லோரும் சொல்கிற ஒரு யோசனை உண்டு: தினமும் கொஞ்சம் நட, வாராவாரம் கொஞ்சம் கூட்டு. நானும் மூன்று வாரம் கூட்டினேன், ஒன்பது நாள் படுத்தேன். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007இல் இந்த நோய்க்கு அப்படிப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைத்தான் பரிந்துரைத்திருந்தது. 2021 அக்டோபரில் அதைத் திரும்பப் பெற்று, இருக்கிற சக்தியின் எல்லைக்குள் இருக்கச் சொன்னது. அசதி எதனால் என்பதைப் பொறுத்தது இது. சிலருக்கு நடை நல்ல மருந்து. உழைத்த மூன்றாம் நாள் விழுகிறவரை மட்டும் தயவுசெய்து "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு" என்று தள்ளாதீர்கள்.

மேனேஜரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பயந்தேன். ஆனால் அந்த நோட்டு கையில் இருந்தது, அதைக் கொண்டுபோனேன். "சார், மூணு நாள் தொடர்ந்து உட்கார்ந்தா அடுத்த மூணு நாள் நான் பேமென்ட் பக்கமே வரக் கூடாது. வந்தா தப்பு வரும்" என்று சொல்லி, மாத முடிவு வேலையை 24ஆம் தேதியே தொடங்கிப் பிரித்துக்கொள்கிறேன், நான் போடும் பேமென்ட்டை இன்னொருவர் பார்த்து அப்ரூவ் செய்யட்டும், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று கேட்டேன். முதல் இரண்டும் கிடைத்தன, மூன்றாவது கிடைக்கவில்லை. அப்ரூவலுக்கு இரண்டாவது ஆள் என்பது எப்போதோ இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு, என் நோய்க்காக வந்தாலும் எல்லோருக்கும் நல்லதுதான்.

"எங்களுக்கும்தான் அசதியா இருக்கு" என்று பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். அவருக்கும் இருந்திருக்கும், சின்னக் குழந்தை உள்ள வீடு. பதில் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரைதான் எனக்கு எண்களின் நேரம். அதில் மெயில் திறப்பதில்லை. நல்ல மூளையே ஒரு சமயத்தில் நான்கு விஷயங்கள் போலத்தான் பிடித்து வைத்திருக்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். மூட்ட நாளில் எனக்கு அது ஒன்று. ஆகவே எதையும் தலையில் வைப்பதில்லை. யாராவது கூப்பிட்டால், எழுந்திருக்கும் முன் "வரிசை 112 வரை முடிந்தது, அடுத்து வரிப்பிடித்தம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இந்த ஒரு வரி பல நாட்களைக் காப்பாற்றியிருக்கிறது. இருபத்தைந்து நிமிடம் வேலை, பிறகு பத்து நிமிடம் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பது. போன் பார்ப்பது ஓய்வில் சேராது, பல மாதம் கழித்துத்தான் அதைப் புரிந்துகொண்டேன்.

முடியாத நாளில் நிறுத்துவது சுலபம், வேறு வழியே இல்லை. தெளிவாக இருக்கிற நாளில் நிறுத்துவதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். தலை தெளிந்திருக்கும், கை பழைய வேகத்தில் ஓடும், தேங்கிக் கிடப்பதையெல்லாம் இன்றே முடித்துவிடலாம் என்று ஆசை வரும். பழைய நான் திரும்பி வந்துவிட்டேன் என்று தோன்றும். என்னைப் படுக்க வைத்தவை எல்லாமே அந்த மாதிரி நாட்கள்தான். அலாரம் அடித்தால், இன்னும் தெம்பு இருக்கும்போதே, மூடி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது. போன வருடம் பிரிவுத் தலைவர் பதவிக்கு என் பெயரைச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். அந்த வேலையை நான் நன்றாகச் செய்திருப்பேன். இந்த வருத்தம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

போன மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் என் மேஜைக்கு வந்து நின்றாள். ஒரே தொகையை இரண்டு இடத்தில் வெவ்வேறாக அடித்துவிட்டாளாம். "அக்கா, எனக்கு என்னமோ ஆயிடுச்சு. தூங்கி எழுந்தாலும் அசதியாவே இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். உட்காரச் சொன்னேன். ரத்தப் பரிசோதனை செய்தாளா என்று கேட்டேன், இல்லை என்றாள். முதலில் அதைச் செய்யச் சொன்னேன். பிறகு எப்போது மோசமாகிறது, உழைத்த அன்றைக்கா, அதற்கப்புறமா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெரியலையே அக்கா."

இழுப்பறையில் ஒரு புது நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதி அவளிடம் கொடுத்தேன்.