கீழ்க்கடைக்கு வந்த சிங்கம்

ஜனவரி 29, 2025, புதன்

சீனப் புத்தாண்டு முதல் நாள். பாம்பு ஆண்டு பிறந்திருக்கிறது. ஃபிளாட்டுக்குக் கீழே கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. மத்தியானம் எங்கோ தொலைவில் சிங்க நடன மேளம் கேட்டது. மகள் ஜன்னலுக்கு ஓடினாள். அப்பா நிமிரவே இல்லை. இரண்டு வருடமாகக் காது மந்தம். வாங்கிக் கொடுத்த மிஷினை, வெறும் இரைச்சல் என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். பினாங்குத் தைப்பூசத்தில் முப்பது வருடம் உருமி அடித்தவர் அவர். என்னால் அந்த மேளத்தை ரசிக்க முடியவில்லை.

பிப்ரவரி 1, சனி

பேரங்காடியில் உயரக் கம்பச் சிங்கம் ஆடுகிறது என்று மகளைக் கூட்டிப்போனோம். அப்பா வரவில்லை.

இரும்புக் கம்பங்கள், உச்சியில் ஒரு பாதம் வைக்கும் அளவுக்குத் தட்டு, அவ்வளவுதான். சிங்கத்துக்குள் இரண்டு பேர். பின்னால் இருப்பவர் முன்னவரின் இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தூக்க, இருவரும் ஒரே மூச்சில் அடுத்த கம்பத்துக்குத் தாவுகிறார்கள். பின்னவர் குனிந்தே இருப்பதால் முன்னே என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியாது. அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. இந்த உயரக் கம்ப ஆட்டத்தில் மலேசியக் குழுக்கள் உலகப் பெயர் பெற்றவை. கெந்திங் மலையில் 1994இல் தொடங்கிய உலகப் போட்டியில் மூவார் ஊரின் குன் செங் கெங் குழு பலமுறை வென்றிருக்கிறது.

குழுவில் தாளம் தட்டியவர்களில் ஒருவன் தமிழ்ப் பையன். ஆட்டம் முடிந்ததும் மகள் அவனிடம் போய், "அண்ணா, சிங்கம் கடிக்குமா?" என்றாள். "ஆங் பாவ் குடுத்தா கடிக்காது" என்றான், சிவப்பு உறையில் வைத்துத் தரும் புத்தாண்டுப் பணத்தைச் சொல்லி.

பிப்ரவரி 5, புதன்

எட்டாம் நாள். கீழே இரும்புச் சாமான் கடை இன்று திறந்தது. கடை முதலாளி, எங்களுக்குத் தவுக்கே, நேற்றே மேலே வந்து, "சிங்கம் வருது, அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுத்த அப்பாவைக் கையைப் பிடித்து லிஃப்டில் ஏற்றினேன். அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் இருக்கும் நடைபாதையில், தூணோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

சக்கர வண்டியில் பெரிய மேளம் வந்தது. முதல் அடியிலேயே அப்பா தலை தூக்கினார். கை மெல்லத் தூணுக்குப் போய், உள்ளங்கை அதில் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் அசைய ஆரம்பித்தன.

கடை வாசலில் சலாட் கீரையும் சிவப்பு உறையும் தொங்கின. சிங்கம் அதைப் பார்த்ததும் பாய்ந்துவிடவில்லை. முகர்ந்தது, பயந்து பின்வாங்கியது, காதை ஆட்டியது, மறுபடி வந்தது. மேளமும் கூடவே பதுங்கியது; விளிம்பில் மட்டும் சின்னச் சின்னதாகத் தட்டல். திடீரென்று கீரையைக் கவ்வியது. அதற்குத்தான் காத்திருந்ததுபோல மேளம் இடித்தது. மென்ற இலைகளைக் கடைப் பக்கம் துப்ப, தவுக்கே கைதட்டினார். கண்டோனீஸ் சீன மொழியில் அந்தக் கீரை 'சாங் சோய்'. பணம் பெருகுவதற்கும் கிட்டத்தட்ட அதே ஓசைதான்.

நாங்கள் எல்லாரும் சிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா மட்டும் மேளக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் கண்ணைப் பாரும்மா, சிங்கத்தை விட்டு நகரவே இல்ல. சிங்கத்தோட தலையைப் பார்த்து அடிக்கிறான். நாங்களும் காவடி எடுக்கிறவங்க காலைப் பார்த்துத்தான் அடிப்போம்."

இத்தனை வருடத்தில் உருமியைப் பற்றி அவர் என்னிடம் இவ்வளவு சொன்னதே இல்லை.

ராத்திரி, கடலோரச் சீனக் குடியிருப்பான சியூ ஜெட்டிக்குப் போனோம். விடிந்தால், சீனரில் ஒரு பிரிவினரான ஹொக்கியன்காரர்கள் பெரிதாகக் கொண்டாடும் தெய்வமான ஜேட் பேரரசரின் பிறந்தநாள். மேசைகளின் இரு பக்கமும் முழுக் கரும்பு கட்டியிருந்தார்கள். அவர்களின் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் தப்பினார்களாம். "பொங்கல் முடிஞ்சிடுச்சே, தாத்தா?" என்று மகள் கேட்டாள். தாத்தா காதில் விழவில்லை. நான்தான் கதை சொன்னேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். போன வருடம் வீட்டிலேயே இருந்தவர், இந்த முறை எனக்கு முன்னால் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில், தண்ணீர்ப் பந்தல் ஓரம் ஒரு உருமிக் குழு இளைப்பாறிக்கொண்டிருந்தது. அப்பா நேராகப் போய் ஒரு பையனின் உருமியில் கை வைத்தார்.

"தோல் தளர்ந்திருக்கு, தம்பி. கயிறை இழுத்துக் கட்டு."

பையன் கட்டினான். அப்புறம் அடித்துக் காட்டினான். அப்பா உருமியிலிருந்து கையை எடுக்காமல் தலையாட்டினார்.